நடுநிலைப் பள்ளியில் சர்வசமம்: உருமாற்றங்களின் வழி ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு தளத்தில் உள்ள இரண்டு உருவங்களில் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வைக்கும்போது இடைவெளியோ மிச்சமோ இல்லாமல் பொருந்துமானால் அவை சர்வசம உருவங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயது மாணவருக்கு எடுத்துச் சொல்ல இதைவிட எளிய வரையறை வடிவியலில் அதிகம் இல்லை. ஆனால் வகுப்பறையில் இந்த வரையறைக்குக் கிடைக்கும் ஆயுள் மிகக் குறைவு. நாணயம், அஞ்சல்தலை போன்ற எடுத்துக்காட்டுகள் முடிந்ததும் ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப (ப பக்கம், கோ கோணம், செ செங்கோணம், க கர்ணம்) என்ற நான்கு விதிகள் வந்துவிடுகின்றன. அதன்பின் பொருந்துதல் என்ற பேச்சே எழுவதில்லை. மாணவர் இரண்டு முக்கோணங்களைப் பார்க்கிறார், சமம் என்று குறியிட்ட பக்கங்களையும் கோணங்களையும் எண்ணுகிறார், நான்கு பெயர்களில் ஒன்றை எழுதுகிறார். மூன்று அளவுகள் சமமானால் மற்ற மூன்றும் ஏன் சமமாகியே தீர வேண்டும் என்பது கேட்கப்படாமலே போகிறது.

இன்னொரு பக்கம், இடப்பெயர்வு, எதிரொளிப்பு, சுழற்சி ஆகிய உருமாற்றங்கள் சமச்சீர்த்தன்மை என்ற தலைப்பின்கீழ் தனியாகக் கற்பிக்கப்படுகின்றன. அங்கே படம் உண்டு, வண்ணம் உண்டு; நிரூபணம் எதற்கும் அவை பயன்படுவதில்லை. ஓர் உருவத்தை மற்றொன்றின்மேல் கொண்டுபோய்ப் பொருத்தும் வழிகள்தாம் இந்த மூன்றும் என்பதும், சர்வசமம் என்பது அந்தப் பொருத்தத்தின் பெயர் என்பதும் மாணவருக்குத் தெரியாமலே இரண்டு பாடங்களும் முடிந்துவிடுகின்றன.

சர்வசமத்தை உருமாற்றங்களின்மேல் கட்டி எழுப்புவது நடுநிலைப் பள்ளி வயதுக்கு ஏற்றதா, ஏற்றதென்றால் அதில் எந்தப் பகுதி உண்மையில் பயன் தருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. உருவத்தை நகர்த்திக் காட்டுவதால் மட்டும் வடிவியல் விளங்கிவிடாது. எந்தக் கோட்டில் எதிரொளித்தது, எந்தப் புள்ளியைச் சுற்றி எவ்வளவு சுழன்றது, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பெயர்ந்தது என்று நகர்வின் விவரத்தைக் கேட்கும் இடத்தில்தான் கணிதம் தொடங்குகிறது. கிடைக்கும் சான்றுகள் இந்த முடிவையே வலுப்படுத்துகின்றன.

2. யூக்ளிடும் மேற்பொருத்தலும்

இந்தச் சிக்கல் இன்று தோன்றியதன்று. கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் நான்காவது தேற்றம் இன்றைய ப-கோ-ப விதி. அதை நிறுவ யூக்ளிட் ஒரு முக்கோணத்தை மற்றதன்மேல் வைக்கிறார். ஒன்றோடொன்று பொருந்துபவை சமமானவை என்ற பொதுக் கருத்தை அவர் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறார். எட்டாவது தேற்றமான ப-ப-ப விதிக்கும், மூன்றாம் பகுதியில் வட்டத்துண்டுகள் பற்றிய ஒரு தேற்றத்துக்கும் இதே மேற்பொருத்தல் மீண்டும் வருகிறது. ஆனால் கோ-ப-கோ விதியை நிறுவும் 26ஆவது தேற்றத்தில் அவர் முக்கோணத்தை நகர்த்துவதே இல்லை. தவிர்க்க முடிந்த இடத்தில் எல்லாம் தவிர்த்திருக்கிறார் என்பதால், இந்த முறையில் யூக்ளிடுக்கே மனநிறைவு இல்லை என்று உரையாசிரியர்கள் பலர் கருதினர்.

எதிர்ப்பு வெளிப்படையாகவும் எழுந்தது. 1557இல் யூக்ளிடுக்கு உரை வெளியிட்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக் பெலெத்தியே, மேற்பொருத்தலை நிரூபணமாக ஏற்க மறுத்தார். 1903இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வைத்த வாதம் இன்னும் கூர்மையானது: நகரும்போது உருவம் மாறவில்லை என்று சொல்வதற்கே, முன்னிருந்த உருவமும் பின்னிருக்கும் உருவமும் சமம் என்று தெரிந்திருக்க வேண்டும், எனவே சமத்தை நகர்வால் விளக்குவது வட்டத்தில் சுற்றுவதாகும். அதற்கு முன்பே, 1899இல், டேவிட் ஹில்பர்ட் வடிவியலின் அடித்தளத்தை நகர்வே இல்லாமல் அமைத்துக் காட்டியிருந்தார். அவர் அமைப்பில் சர்வசமம் வரையறுக்கப்படாத அடிப்படைக் கருத்து. ப-கோ-ப விதியின் சாரம் ஓர் அடிகோள். இந்த வழி இந்தியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2006இல் வெளியான என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் ப-கோ-ப விதியை அடிகோளாக எடுத்துக்கொண்டு, கோ-ப-கோ விதியை அதிலிருந்து தேற்றமாக நிறுவுகிறது.

நகர்வை விலக்குவது ஒரு தீர்வு. நகர்வையே அடிப்படையாக்குவது மற்றொரு தீர்வு. 1872இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ஃபெலிக்ஸ் கிளைன் முன்வைத்த திட்டம் இந்த இரண்டாம் வழிக்கு உரிய மொழியைத் தந்தது. உருமாற்றங்களின் ஒரு குலத்தை முதலில் எடுத்துக்கொள்; அவற்றால் மாறாமல் நிற்கும் பண்புகளை ஆராய்வதே அந்த வடிவியல் என்பது அதன் சாரம். நீளத்தையும் கோணத்தையும் காக்கும் உருமாற்றங்களை எடுத்துக்கொண்டால் கிடைப்பது பள்ளியில் படிக்கும் யூக்ளிட் வடிவியல். இங்கே உருமாற்றம் என்பது கையால் தள்ளுவது அன்று; தளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புள்ளியை ஈடாகக் காட்டும் விதி. இடஞ்சுழியாக 90° சுழற்றுவதும் வலஞ்சுழியாக 270° சுழற்றுவதும் கைக்கு வேறு, விதிக்கு ஒன்றே. ரஸ்ஸலின் மறுப்பு கையை நோக்கியது. விதியை அது தொடுவதில்லை.

தர்க்க முறைப்படி இரண்டு வழிகளும் நேர்மையானவை. எந்த வழியிலும் எதையாவது நிரூபணமின்றி ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆகவே ஆசிரியர் முன்னுள்ள உண்மையான தேர்வு இதுதான்: பன்னிரண்டு வயது மாணவரை எதை ஏற்கச் சொல்வது? ப-கோ-ப விதி எப்போதும் சரி என்பதையா, அல்லது ஒரு தாளைத் தள்ளினாலும் திருப்பினாலும் புரட்டினாலும் அதில் வரைந்த நீளமும் கோணமும் மாறா என்பதையா? முன்னதை மாணவர் நம்புவதற்கு ஆசிரியரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பின்னதை அவர் ஏற்கெனவே நம்புகிறார். ஐயம் வந்தால் அளவுகோலையும் கோணமானியையும் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். இந்த வேறுபாடு ஒன்றே உருமாற்ற வழியின் பக்கம் நிற்பதற்குப் போதிய காரணம்.

வரையறையின் பரப்பும் இதே பக்கம் சாய்கிறது. ஒத்த பக்கங்களும் ஒத்த கோணங்களும் சமம் என்ற வரையறை பலகோணங்களோடு நின்றுவிடும். இரண்டு வட்டவிற்கள், இரண்டு இலை வடிவங்கள், இரண்டு எழுத்துகள் சர்வசமமா என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. ஒன்றை மற்றதன்மேல் கொண்டுசேர்க்கும் உருமாற்றத் தொடர் உண்டா என்ற கேள்வி எல்லா உருவங்களுக்கும் பொருந்தும்.

3. பாடத்திட்டங்களின் அனுபவம்

1959இல் பிரான்சின் ருவாயோமோனில் நடந்த கருத்தரங்கில் யூக்ளிடைப் பள்ளியிலிருந்து அகற்ற வேண்டும் என்று ழான் தியுதொனே முழங்கியது கணிதக் கல்வி வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சி. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் ஸ்கூல் மேத்தமேடிக்ஸ் புராஜெக்ட் பாடநூல்கள் எதிரொளிப்பையும் சுழற்சியையும் அணிகளோடு சேர்த்து இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் ஆர்தர் காக்ஸ்ஃபர்டும் சல்மான் உசிஸ்கினும் 1971இல் உருமாற்ற வழியிலேயே ஒரு முழு வடிவியல் பாடநூலை எழுதினர். 2010இல் வெளியான அமெரிக்கப் பொதுக் கல்வித் தரங்கள் இதை எட்டாம் வகுப்பின் இலக்காகவே வகுத்தன. சுழற்சி, எதிரொளிப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றின் பண்புகளை மாணவர் முதலில் சோதனையால் கண்டறிய வேண்டும். பிறகு அவற்றின் தொடரால் சர்வசமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முக்கோண விதிகள் இதிலிருந்து பிறப்பதை உயர்நிலைப் பள்ளியில் விளக்க வேண்டும்.

உருமாற்றங்களைப் பாடத்தில் சேர்ப்பதும் அவற்றைக்கொண்டு காரணம் சொல்ல வைப்பதும் ஒன்றன்று. படத்தைப் புரட்டி விம்பம் வரைவதோடு பாடம் நின்றுவிட்டால், பழைய நிரூபணமும் போய், புதிய நிரூபணமும் வராத நிலைதான் மிஞ்சும். மேற்சொன்ன மூன்றில், சோதனை, வரையறை, விதி என்ற தொடர்ச்சியை வெளிப்படையாக எழுதி வைத்தது என்ற அளவில் 2010ஆம் ஆண்டின் தரங்கள் ஒரு படி தெளிவானவை.

4. மாணவர் இடறும் இடங்கள்

உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பது மனிதருக்கு இயல்பானது. 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் நடத்திய சோதனையில், இரண்டு உருவங்கள் ஒன்றா என்று சொல்ல ஆகும் நேரம் அவற்றுக்கிடையே உள்ள சுழற்சிக் கோணத்தோடு சீராகக் கூடியது. மனமும் கையைப் போலவே படிப்படியாகத் திருப்பிப் பார்க்கிறது போலும். மாணவரிடம் நகர்வு பற்றிய உணர்வு முன்பே இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் சொல்ல வேண்டியது ‘ஒன்றுதான்’, ‘வேறு’ என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே. சுழற்சியின் மையம் எது என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பள்ளி வடிவியலின் சிரமம் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தில் எதிரொளிப்பையும் சுழற்சியையும் ஆராய்ந்த டீட்மார் கியூஹெமன், எதிரொளிப்புக் கோடு சாய்ந்திருக்கும்போது மாணவர் தடுமாறுவதைப் பதிவு செய்தார். கோடு நிமிர்ந்தோ படுத்தோ இருந்தால் சரியாக வரைபவர்கள்கூட, அது சாய்ந்தவுடன் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் புள்ளியைக் கிடையாகவோ நேர்குத்தாகவோ அப்பால் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பிழையை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கட்டத்தாளில் ஆதிப்புள்ளி வழியாக 45° சாய்ந்து மேலேறும் கோட்டைக் கண்ணாடியாகக் கொள்வோம். (3, 1) என்ற புள்ளியின் விம்பம் எது? கிடையாகத் தாண்டும் மாணவர், கோடு (1, 1)இல் இருப்பதையும் புள்ளி அதற்கு 2 அலகு வலப்பக்கம் இருப்பதையும் பார்த்து, 2 அலகு இடப்பக்கம் சென்று (−1, 1) என்கிறார். நேர்குத்தாகத் தாண்டுபவர் அதே முறையில் (3, 5) என்கிறார். கோட்டுக்குச் செங்குத்தாகச் செல்பவருக்குக் கிடைப்பது (1, 3). தாளைக் கோட்டின் வழியே மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் (3, 1) சரியாக (1, 3)இன்மேல் விழுகிறது.

விடை எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மற்ற இரண்டும் ஏன் தவறு? இங்கேதான் சர்வசமம் நுழைகிறது. (3, 1)ஐ அதன் கீழுள்ள (3, 0)உடன் இணைக்கும் கோட்டுத்துண்டின் நீளம் 1 அலகு. கிடையாகத் தாண்டும் முறையில் (3, 0)இன் விம்பம் (−3, 0). இப்போது விம்பக் கோட்டுத்துண்டு (−1, 1)இலிருந்து (−3, 0)வரை செல்கிறது. அது இரண்டு கட்டம் அகலமும் ஒரு கட்டம் உயரமும் கொண்ட செவ்வகத்தின் மூலைவிட்டம். ஓர் அலகாக இருந்தது இரண்டு அலகுக்கும் மேலாக நீண்டுவிட்டது. செங்குத்தாகச் செல்லும் முறையில் விம்பங்கள் (1, 3), (0, 3). நீளம் 1 அலகாகவே இருக்கிறது. தவறான முறை உருவத்தைச் சிதைக்கிறது, சரியான முறை நீளத்தைக் காக்கிறது. ஒரே ஒரு புள்ளியின் விம்பத்தைக் கேட்கும் பயிற்சிகளில் இந்த உண்மை வெளிவராது. குறைந்தது இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, இடைத்தூரத்தை ஒப்பிடச் சொன்னால்தான் மாணவரே தம் பிழையைக் கண்டுபிடிக்க முடியும்.

சுழற்சியில் இடறும் இடம் வேறு. கணினி வழிக் கற்றல் சூழலில் மாணவரைக் கவனித்த லாரி எட்வர்ட்ஸ், உருவம் இருந்த இடத்திலேயே தன்னைத்தான் சுற்றிக்கொள்ளும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதையும், உருவத்துக்கு வெளியே மையம் இருக்கலாம் என்பதை ஏற்கச் சிரமப்படுவதையும் சுட்டிக்காட்டினார். டிரேசிங் தாளில் உருவத்தையும் மையத்தையும் படியெடுத்து, மையத்தில் குண்டூசி குத்தித் திருப்பினால் இந்தத் தடை பெரும்பாலும் விலகும். மையத்திலிருந்து ஒரு முனைக்கும் அதன் விம்பத்துக்கும் கோடு வரைந்து, இரண்டு நீளங்களும் சமம் என்பதையும், எந்த முனையை எடுத்தாலும் இடைக்கோணம் ஒன்றே என்பதையும் அளந்து பார்ப்பது அடுத்த படி. அந்த அளவீடு இல்லாமல் ஊசியோடு நிறுத்திவிட்டால் அது கைவேலை மட்டுமே.

எதை வைத்துத் தொடங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். சதுரமும் சமபக்க முக்கோணமும் வரைய எளிது. ஆனால் அவற்றின் சமச்சீர்த்தன்மையே பாடத்தைக் குழப்பிவிடும். இரு கைகளும் சம நீளமாக உள்ள ‘ட’ வடிவம் ஒன்றை வரைந்து 90° இடஞ்சுழியாகத் திருப்பினாலும், பக்கத்தில் நிமிர்ந்த கண்ணாடியை வைத்து எதிரொளித்தாலும், தோற்றத்தில் ஒரே வடிவம் கிடைக்கும். நடந்தது சுழற்சியா எதிரொளிப்பா என்று சொல்ல வழி இல்லை. ஒரு கையை நீட்டி மற்றதைக் குறுக்கிவிட்டால் இரண்டும் உடனே பிரிந்து தெரியும். முதல் பாடங்களுக்கு அசமபக்க முக்கோணமே தகுந்தது. எதிரொளிப்பு விம்பத்தைச் சர்வசமம் என்று ஏற்க மாணவர் தயங்குவதும் அப்போது வெளிப்படும். தாளைப் புரட்டி வைப்பதும் அனுமதிக்கப்பட்ட நகர்வே என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நெதர்லாந்தில் 1957இல் தம் ஆய்வேடுகளை முடித்த பியேர் வான் ஹீலவும் டீனா வான் ஹீல-ஹெல்டாஃபும், வடிவியல் சிந்தனை முழுத் தோற்றத்தைக் காண்பதிலிருந்து பண்புகளைப் பிரித்தறிவதற்கும், அதிலிருந்து பண்புகளைத் தர்க்கத்தால் இணைப்பதற்கும் படிப்படியாக ஏறுகிறது என்றனர். டீனா தம் வகுப்பில் தளத்தை இடைவெளியின்றிப் பரப்பும் ஓடுகளைக் கொண்டு பன்னிரண்டு வயதினருக்கு வடிவியல் கற்பித்தார். மேலே கண்ட பிழைகள் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே நிகழ்பவை: மாணவருக்கு விம்பத்தின் தோற்றம் தெரிகிறது, அதன் பண்பு தெரியவில்லை. மென்பொருளாலும் இந்த இடைவெளி தானே நிரம்புவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் இடம்பெறும் ஜியோஜிப்ராவில், எதிரொளிப்புக் கருவியைச் சொடுக்கினால் விம்பம் நொடியில் வந்துவிடும். செங்குத்தும் சமதூரமும் திரைக்குப் பின்னே மறைந்துவிடும். விம்பம் எங்கே வரும் என்று முதலில் தாளில் குறிக்கச் செய்து, பிறகு சொடுக்க வைத்தால் அதே கருவி நல்ல சோதனைக் களமாகிறது.

5. மடிப்பும் கோலமும்

எதிரொளிப்பைக் கற்பிக்க மடிப்பைவிடச் சிறந்த கருவி இல்லை. இதற்குச் சென்னையில் நீண்ட மரபு உண்டு. 1893இல் டி. சுந்தர ராவ் காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்ற பொருளில் ஆங்கில நூல் ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். மழலையர் கல்வியின் காகித மடிப்புப் பயிற்சியே தமக்குத் தூண்டுதல் என்று அதன் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். கிளைன் இந்த நூலைத் தம் உரைகளில் எடுத்துச் சொன்னது அமெரிக்கப் பேராசிரியர்களின் கவனத்தை ஈர்த்து, 1901இல் சிகாகோவில் திருத்திய பதிப்பு வெளிவந்தது. உருமாற்றங்களால் வடிவியலையே வகைப்படுத்திய கணிதவியலாளர், சென்னையில் ஒருவர் செய்துகாட்டிய தாள் மடிப்பின் மதிப்பை உணர்ந்தார் என்பது நம் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

ஒரு புள்ளி இன்னொரு புள்ளியின்மேல் விழுமாறு மடித்தால் வரும் தடம் அவற்றின் மையக்குத்துக்கோடு. தடத்தின்மேல் உள்ள எந்தப் புள்ளியும் இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். தடத்துக்கு வெளியே உள்ள எதுவும் இருக்காது. இந்த ஒரே செய்தி அடுத்த பகுதியில் ப-ப-ப விதியைத் தாங்கி நிற்கப் போகிறது.

கோலத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது பலரும் பரிந்துரைக்கும் வழி. கோலத்தின் அமைப்பு முறையான ஆய்வுக்கும் உரியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974இல் கோலங்களை உருவாக்கும் இலக்கணங்கள் பற்றிக் கணினியியல் கட்டுரை எழுதினர். ஆனால் சர்வசமப் பாடத்தில் அதன் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. கோலம் காட்டுவது ஓர் உருவம் தன்மேல் தானே பொருந்தும் சமச்சீர்த்தன்மையை. சர்வசமம் இரண்டு உருவங்களின் உறவு. கோலம் உண்மையில் உதவும் இடம் குறுகியது, ஆனால் முக்கியமானது. கால் சுற்றுத் திருப்பினால் பொருந்தி, எந்தக் கோட்டில் மடித்தாலும் பொருந்தாத சிக்குக் கோலங்கள் உண்டு. அழகாக ஒழுங்குபட்ட எதற்கும் கண்ணாடிக் கோடு இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அவை தகர்க்கின்றன.

இணைகரத்திலும் இதே எண்ணம்தான் மாணவரைத் தவறச் செய்கிறது. மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு சர்வசம முக்கோணங்கள் கிடைக்கின்றன. ஆகவே மூலைவிட்டத்தில் மடித்தாலும் பொருந்தும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மடித்துப் பார்த்தால், நான்கு பக்கங்களும் சமமாக இல்லாத எந்த இணைகரத்திலும், செவ்வகத்திலும்கூட, பொருந்துவதில்லை. ஒரு முக்கோணத்தை மற்றதன்மேல் சேர்ப்பது மூலைவிட்டத்தின் நடுப்புள்ளியைச் சுற்றிய 180° சுழற்சி. சர்வசமம் உண்டு என்று சொல்வதோடு, எந்த உருமாற்றத்தால் என்று கேட்பதன் பயன் இங்கே கண்கூடு. எதிர்ப்பக்கங்கள் சமம், எதிர்க்கோணங்கள் சமம் என்பவை அந்த அரைச் சுற்றிலிருந்து நேராகக் கிடைக்கின்றன.

6. நகர்விலிருந்து விதிக்கு

கசட, தபற என்ற இரண்டு முக்கோணங்கள் தாளில் வெவ்வேறு இடங்களில் உள்ளன என்று கொள்வோம். கச = தப, கட = தற, க-இல் உள்ள கோணமும் த-இல் உள்ள கோணமும் சமம். முதல் முக்கோணத்தை க முனை த-இன்மேல் வருமாறு இடம்பெயர்க்கலாம். பிறகு த-ஐ மையமாக வைத்து, கச பக்கம் தப பக்கத்தின் திசையில் விழும்வரை சுழற்றலாம். நீளங்கள் சமம் என்பதால் ச முனை ப-இன்மேல் விழுகிறது. ட முனை, தப கோட்டுக்கு ற இருக்கும் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. எதிர்ப்பக்கத்தில் இருந்தால் தப கோட்டில் எதிரொளிக்கலாம். கோணங்கள் சமம் என்பதால் கட இப்போது தற-இன் திசையில் கிடக்கிறது. நீளங்கள் சமம் என்பதால் ட முனை ற-இன்மேல் விழுகிறது. மூன்று முனைகளும் பொருந்திவிட்டன. ப-கோ-ப விதி நிறுவப்பட்டது. ஒவ்வொரு அடியிலும் கொடுத்த தகவல்களில் ஒன்று செலவாவதை மாணவர் எண்ணிப் பார்க்க முடியும்.

கோ-ப-கோ விதிக்கும் தொடக்கம் இதுவே. ஒரு பக்கத்தைப் பொருத்தி, தேவைப்பட்டால் எதிரொளித்தபின், இரு முனைகளிலிருந்தும் புறப்படும் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில்தான் வெட்டும். ஆகவே மூன்றாம் முனையும் பொருந்துகிறது.

ப-ப-ப விதியில்தான் மடிப்பின் பயன் முழுமையாகத் தெரிகிறது. கச பக்கத்தை தப-இன்மேல் பொருத்தி, ட முனை ற-க்கு எதிர்ப்பக்கத்தில் இருக்குமாறு அமைக்கலாம். இப்போது த-இலிருந்து ட-வும் ற-வும் சம தூரத்தில் உள்ளன, ப-இலிருந்தும் அவ்வாறே. எனவே த, ப இரண்டும் ட, ற ஆகியவற்றின் மையக்குத்துக்கோட்டின்மேல் உள்ளன. அதாவது தப கோடே அந்த மடிப்புத் தடம். அதில் மடித்தால் ட முனை ற-இன்மேல் விழும். முக்கோணங்களை இப்படி முதுகோடு முதுகாக வைக்கும் வழி மிகப் பழையது. யூக்ளிடின் எட்டாவது தேற்றத்துக்கு ஃபிலோ என்பவர் இவ்வாறு நிரூபணம் தந்ததாக ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியர் ப்ரோக்ளஸ் எழுதியிருக்கிறார்.

தோற்கும் விதியையும் காட்டியாக வேண்டும். க-இல் 30° கோணம், கச 10 செ.மீ., சட 6 செ.மீ. என்று கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், ச-ஐ மையமாகக் கொண்ட 6 செ.மீ. வில், க-இலிருந்து செல்லும் கதிரை இரண்டு இடங்களில் வெட்டும். கட ஏறத்தாழ 5.3 செ.மீ. ஆகவும் இருக்கலாம், 12 செ.மீ. ஆகவும் இருக்கலாம். அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளும் ச-இலிருந்து கதிருக்கு இறக்கிய செங்குத்தில் ஒன்றின் எதிரொளிப்பு மற்றது; ஆனால் அந்த எதிரொளிப்பு க-ஐ இடம்மாற்றிவிடுகிறது, எனவே முக்கோணங்கள் பொருந்துவதில்லை. கோணம் 90° ஆகி, வில்லின் ஆரம் கச-ஐவிடப் பெரிதாகவும் இருந்தால், அந்தச் செங்குத்து கச-வேதான். அப்போது எதிரொளிப்பு க-ஐயும் ச-ஐயும் அசைப்பதில்லை. கதிரைப் பின்னோக்கியும் நீட்டினால் கிடைக்கும் இரு முக்கோணங்களும் ஒன்றின் கண்ணாடி விம்பம் மற்றது. செ-க-ப ஏன் தனி விதியாக நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பள்ளி அளவில் கிடைப்பது அரிது.

ஆர்வமுள்ள வகுப்புக்கு இன்னும் ஒரு படி செல்லலாம். இரண்டு சர்வசம முக்கோணங்கள் எங்கே, எப்படிக் கிடந்தாலும் மூன்றுக்கு மேற்படாத எதிரொளிப்புகளால் ஒன்றை மற்றதன்மேல் சேர்த்துவிடலாம். க, த இரண்டுக்கும் இடையிலான மடிப்பு முதல் முனையைப் பொருத்தும். புதிய ச-க்கும் ப-க்கும் இடையிலான மடிப்பு த வழியாகவே செல்வதால், பொருந்திய முனையைக் கலைக்காமல் இரண்டாவதைப் பொருத்தும். தேவைப்பட்டால் தப கோட்டில் மூன்றாவது மடிப்பு. 4 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு இணையான கண்ணாடிகள் 8 செ.மீ. இடப்பெயர்வைத் தருவதையும், 30° கோணத்தில் வெட்டும் இரண்டு கண்ணாடிகள் 60° சுழற்சியைத் தருவதையும் மாணவர் அளந்தே கண்டுகொள்ளலாம்.

7. பாட வரிசையும் மதிப்பீடும்

தமிழ்நாட்டில் 2019இல் அறிமுகமான ஏழாம் வகுப்புப் பாடநூலில் முக்கோணங்களின் சர்வசமம் இரண்டாம் பருவத்திலும், உருமாற்றங்கள் மூன்றாம் பருவத்திலும் இடம்பெற்றன. மேலே கண்ட வாதத்தின்படி இந்த வரிசை தலைகீழானது. இதைச் சரிசெய்யப் புதிய பாடப்பொருள் தேவையில்லை. உருமாற்றப் பாடத்தை முன்னே எடுத்து நடத்தி, விம்பத்துக்கும் மூல உருவத்துக்கும் பக்கங்களும் கோணங்களும் சமம் என்பதை அளந்து பதிவு செய்தபின் சர்வசமத்துக்கு வந்தால் போதும். ஒத்த முனைகளை வரிசை பிறழாமல் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் காரணமும் அப்போது தானே விளங்கும்: க த-க்குப் போயிற்று, ச ப-க்குப் போயிற்று, ட ற-க்குப் போயிற்று, எழுத்துகளின் வரிசை அந்தப் போக்கின் பதிவு.

நேரம் பற்றிய மறுப்புக்கு நியாயம் உண்டு. டிரேசிங் தாளும் ஊசியும் மடிப்பும் பாடவேளைகளை விழுங்குபவை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இன்னும் கூடுதலாக விழுங்கும். ஆறாம் வகுப்பில் மடிப்பும் படியெடுத்தலும், ஏழாம் வகுப்பில் கண்ணாடிக் கோடு, மையம், கோணம் ஆகியவற்றைக் கண்டுபிடித்தலும் நான்கு விதிகளின் விளக்கமும், எட்டாம் வகுப்பில் ஆயத்தொலைவுகளோடு கூடிய உருமாற்றமும் என்று பகிர்ந்தால் சுமை தாங்கக்கூடியது. வடிவொத்த முக்கோணங்கள் வரும்போது, நீளத்தை மாற்றிக் கோணத்தைக் காக்கும் விரிவாக்கம் என்ற நான்காவது உருமாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டியதில் மிக முக்கியமானது வினாத்தாள். விம்பத்தை வரைக என்ற வினா திறமையைச் சோதிக்கிறது, புரிதலைச் சோதிப்பதில்லை. இரண்டு சர்வசம முக்கோணங்களைக் கொடுத்து, ஒன்றை மற்றதற்குக் கொண்டுசெல்லும் உருமாற்றங்களை முழு விவரத்தோடு எழுதச் சொல்லலாம். மூலத்தையும் விம்பத்தையும் கொடுத்து, சுழற்சியின் மையத்தை மையக்குத்துக்கோடுகளால் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தவறாக வரைந்த ஒரு விம்பத்தைக் கொடுத்து, எந்த நீளம் கெட்டிருக்கிறது என்று கேட்கலாம். இத்தகைய வினாவுக்குச் சரியான விடை பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்: ஒருவர் இடம்பெயர்த்துச் சுழற்றுவார், மற்றவர் இரண்டு முறை எதிரொளிப்பார். விடைக்குறிப்பில் ஒரே வழியை மட்டும் அச்சிட்டால் மற்ற வழியில் எழுதியவருக்கு மதிப்பெண் போய்விடும். ஆகவே கோடு, மையம், கோணம், திசை, தூரம் ஆகிய விவரங்கள் முழுமையாக உள்ளனவா, அவற்றின்படி செய்தால் மூன்று முனைகளும் பொருந்துகின்றனவா என்ற இரண்டையும் மட்டும் பார்த்து மதிப்பெண் வழங்குமாறு திருத்துநர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.